எஸ். எஸ். வாசன்: இந்திப் படவுலகில் ஒரு தமிழர்

கல்லூரி ஆண்டு மலர் ஒன்றிலே திரைப்பட நெறியாளர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவது தகுமோ என ஐயுறுவோர் நம்மிடையே இன்றும் உளர். சோழரின் கடற்படையெடுப்பு, யாழ்ப்பாண அரசு, நாவலர் பெருமான் ஆற்றிய பணி என்பன போன்ற பொருள்களே இத்தகைய மலர்களுக்கு அணி செய்யும் என்பது அவர்தம் கருத்து. அக்கருத்தை யான் இகழேன். அப்பொருள்களை மாணவர்க்குக் கற்பிப்பதே என் தொழில். எனினும், ஒரு காலத்து மக்கள் எதைக் கண்டு நகைத்தனர், எதைக் கேட்டு நெஞ்சுருகினர், எதன்பொருட்டுத் தம் உழைப்பிற் சில சதங்களை மனமுவந்து ஈந்தனர் என்பனவும் வரலாற்றின் கூறுகளே. இருபதாம் நூற்றாண்டின் இந்திய மக்களையும் இலங்கை மக்களையும் பற்றி எழுதப் புகுவோன் படமாளிகையின் வாயிலைக் கடவாது சென்றுவிட முடியாது.

இக்கட்டுரைக்குப் பொருளானவர் எஸ். எஸ். வாசன். 'ஆனந்த விகட'னின் அதிபர், 'சந்திரலேகா' என்னும் பெரும்படத்தைத் தயாரித்தவர், 'ஒளவையார்' படத்தைத் தமிழர்க்கு அளித்தவர் என்ற வகையிலேயே நாம் அவரை அறிவோம். ஆயின் அவர் தாமே நெறியாளராக நின்று உருவாக்கிய படங்களை வரிசைப்படுத்தி நோக்குவோர்க்கு வியப்பொன்று காத்திருக்கின்றது. அவர் நெறிப்படுத்திய தமிழ்ப் படங்கள் 'சந்திரலேகா' (1948), 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' (1958), 'இரும்புத்திரை' (1960) ஆகிய மூன்றே. இந்திப் படங்களோ பத்துக்குக் குறையா. தயாரிப்பாளர் என்ற வகையில் அவர் தமிழர்க்கு உரியவராயினும், நெறியாளர் என்ற வகையில் இந்திப் படவுலகிற்கே பெரிதும் உரியவராவர். தஞ்சை மண்ணிற் பிறந்து, சென்னை மவுண்டு வீதியை விட்டு நீங்காது வாழ்ந்த ஒருவர், தம் தாய்மொழியல்லாத மொழியிலே கோடிக்கணக்கான மக்களின் உள்ளத்தைத் தொட்டது எங்ஙனம்? அச்செயல் மொழிகளைப் பற்றி நமக்கு உணர்த்துவது யாது? மூன்று மொழிகள் ஒரே தெருவில் உராயும் கொழும்பு மாநகரில் வாழும் நமக்கு இவ்வினாக்கள் வெறும் பொழுதுபோக்கு வினாக்கள் அல்ல.

இளமையும் இதழ்ப்பணியும்

வாசன் என்று வழங்கப்பெற்ற சீனிவாசன் 1904 ஆம் ஆண்டில் தஞ்சை மாவட்டத்துத் திருத்துறைப்பூண்டியிற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். தாயார் மகனை அழைத்துக்கொண்டு சென்னைக்குக் குடிபெயர்ந்தார். வறுமையினூடே கல்வி பயின்ற இளைஞர், கல்லூரிப் படிப்பை முற்றுவியாது விளம்பரத் தொழிலில் இறங்கினார். பொருள்களை விற்பதற்குச் சொல் எங்ஙனம் பயன்படும் என்பதை அத்தொழில் அவருக்குக் கற்பித்தது. பிற்காலத்து வாசனை விளங்கிக்கொள்ள விரும்புவோர் இத்தொடக்கத்தை மறத்தலாகாது.

1926 இல் பூதூர் வைத்தியநாதையர் தொடங்கிய 'ஆனந்த விகடன்' இரண்டாண்டுகளில் நலிவுற்றது. 1928 இல் வாசன் அதனை விலைக்கு வாங்கினார். இதழின் பெயரிலுள்ள எட்டு எழுத்துகளுக்கும் எழுத்தொன்றுக்கு 25 ரூபாவாக 200 ரூபா கொடுத்தார் என்பர். நகைச்சுவை, கேலிச்சித்திரம், சிறுகதை, தொடர்கதை, பரிசுப் போட்டி ஆகியவற்றைக் கொண்டு அவ்விதழைத் தமிழ் வீடுகள்தோறும் புகச்செய்தார். கல்கி இரா. கிருஷ்ணமூர்த்தியின் எழுத்து அவ்விதழிலேதான் பெருவாழ்வு பெற்றது. குறுக்கெழுத்துப் போட்டிகள் வாயிலாக விற்பனையைப் பெருக்கியதைக் கண்டித்தோரும் அக்காலத்து இருந்தனர். கற்றோர் பழித்த போதிலும் கல்லாதார் கைக்குள் இதழொன்றைச் சேர்ப்பித்த அருஞ்செயலை மறுத்தற்கில்லை.

அவ்விதழில் வாசனே எழுதிய 'சதி லீலாவதி' என்னும் தொடர்கதை 1936 இல் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கரின் நெறியாள்கையில் திரைப்படமாயிற்று. பின்னாளில் தமிழகத்தின் முதலமைச்சரான எம். ஜி. இராமச்சந்திரன் முதன்முதலாகத் திரையிலே தோன்றியது இப்படத்திலேயாம். நமக்கு நெருங்கிய செய்தி ஒன்றும் அதில் உண்டு. குடியினாற் கெட்ட கதைத்தலைவன் சென்னையை விட்டு ஓடி, இலங்கையின் தேயிலைத் தோட்டமொன்றிலே கூலியாளாக உழல்கின்றான். தமிழ்த் திரைப்படம் பேசத் தொடங்கி ஐந்தாண்டுகளே கழிந்திருந்த காலையில், நம் மலைநாட்டுத் தொழிலாளரின் துயரம் வாசனின் கதை வழியாகத் திரையிலேறியது. பன்னீராண்டின் பின், 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அத்தொழிலாளரிற் பெரும்பாலார் நாடற்றவராயினர் என்பதை நினைக்குங்கால், அக்கதையின் அக்காட்சிகள் இன்னும் கனத்துத் தோன்றும்.

ஜெமினியின் தோற்றம்

திரைப்படத் தொழிலில் வாசன் முதலில் விநியோகத்தராகவே கால் வைத்தார். அக்காலத்துத் தமிழ்ப் படவுலகின் தலைசிறந்த நெறியாளர்களுள் ஒருவரான கே. சுப்பிரமணியத்தின் படங்களை அவர் விநியோகம் செய்தார். 1939 இல் வெளிவந்த 'தியாகபூமி' அவற்றுட் குறிப்பிடத்தக்கது. கல்கி எழுதிய அக்கதை விகடனில் தொடராக வருகையிலேயே படத்தின் நிழற்படங்களும் உடன் வெளியாயின. இதழும் திரையும் கைகோத்துச் செல்லும் முறையைத் தமிழ்நாட்டிலே வகுத்தவர் வாசன் எனலாம்.

சுப்பிரமணியம் நடத்திய படப்பிடிப்பு நிலையம் தீவிபத்திற்குள்ளாகி ஏலத்திற்கு வந்தபோது, 86,000 ரூபாவுக்குச் சற்று மேற்பட்ட விலைக்கு வாசன் அதனைப் பெற்றார். ஜெமினி ஸ்டூடியோ பிறந்தது. குதிரைப் பந்தயத்தில் ஈடுபாடு மிக்க வாசன், தமக்கு வெற்றி தேடித்தந்த குதிரையின் பெயரையே நிலையத்திற்கு இட்டார் என ஒரு கதை வழங்குகின்றது. 1941 இல் 'மதனகாமராஜன்' வெளிவந்தது. 'நந்தனார்', 'மங்கம்மா சபதம்', 'மிஸ் மாலினி' முதலிய படங்கள் அடுத்தடுத்துத் தோன்றின. 1947 இல் வெளிவந்த 'மிஸ் மாலினி'க்குக் கதை தந்தவர் ஆங்கில நாவலாசிரியரான ஆர். கே. நாராயண். கதைப் பகுதி, இசைப் பகுதி, கலைப் பகுதி, ஒளிப்பதிவுப் பகுதி எனப் பிரிவுகள் வகுத்து, மாதச் சம்பளத்திற் பணியாளரை அமர்த்தி, தொழிற்சாலையொன்றின் ஒழுங்கோடு ஜெமினி இயங்கிற்று. கொத்தமங்கலம் சுப்பு போன்ற பல்கலை வல்லுநர் அங்குச் சம்பளக்காரராகவே இருந்தனர்.

இவ்விடத்து நம் நாட்டுச் செய்தியொன்றை ஒப்பிட்டு நோக்குதல் பொருந்தும். முதலாவது சிங்களப் பேசும் படமான 'கடவுனு பொறொந்துவ' 1947 சனவரி 21 இல் கொழும்புக் கிங்ஸ்லி படமாளிகையிலே திரையிடப்பட்டது. அது உருவாகியது மதுரையில். தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். நெறிப்படுத்தியவர் ஜோதிஷ் சிங் என்னும் வங்காளி. அதன்பின் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் சிங்களப் படங்கள் தென்னிந்திய ஸ்டூடியோக்களிலேயே பெரிதும் உருவாயின. சேலத்திற் பிறந்த முகைதீன் பேக் சிங்களவர் மனத்தைக் கவர்ந்த பாடகராயினார். எனவே ஒரு மொழியினர் பிறிதொரு மொழியின் கலைக்குக் கருவியாவது அக்காலத்துத் தென்னாட்டில் அரிய செய்தியன்று. வாசனை வேறுபடுத்துவது அவர் தொட்ட எல்லையின் பரப்பே.

சந்திரலேகா: ஒரு படம், இரு மொழி

'சந்திரலேகா'வின் வேலை 1943 அளவில் தொடங்கிற்று. அப்பெயர் முதலில் விளம்பரமாயிற்று. கதை பின்னரே வந்தது. கதைப் பகுதியினர் பல நாள் தேடி, ரெயினால்ட்ஸ் என்னும் ஆங்கில நாவலாசிரியரின் கதையொன்றிலிருந்து கருவெடுத்து, அரசுரிமைக்குப் போரிடும் உடன்பிறந்தார் இருவரின் கதையாக அதனை விரித்தனர். முதலில் நெறியாளராயிருந்த டி. ஜி. ராகவாச்சாரியார் இடையில் விலக, வாசன் அப்பொறுப்பைத் தாமே ஏற்றார். நாற்பத்து நான்கு வயதளவில், இதழாசிரியராகவும் விநியோகத்தராகவும் தயாரிப்பாளராகவும் பழுத்த பின்னரே அவர் நெறியாளரானார் என்பது குறிக்கத்தக்கது. டி. ஆர். ராஜகுமாரி, எம். கே. ராதா, ரஞ்சன் ஆகியோர் நடித்தனர். உண்மைச் சர்க்கஸ் குழுக்களே படத்துள் அமர்த்தப்பட்டன. ஐந்தாண்டு உழைப்பும் ஏறத்தாழ 30 இலட்சம் ரூபாவும் செலவாயின. அக்காலத்து இந்தியப் படமெதற்கும் அத்துணைப் பொருள் செலவானதில்லை என்பர். தம் உடைமைகளை ஈடு வைத்தே வாசன் அதனை முடித்தார் என்ற பேச்சும் உண்டு.

இலங்கை விடுதலை பெற்ற இரண்டு மாதங்களின் பின், 1948 ஏப்பிரல் 9 இல், தமிழ்ச் 'சந்திரலேகா' வெளிவந்தது. மக்கள் திரண்டு சென்று கண்டனர். ஆயினும் தமிழ் வழங்கும் நிலத்தின் வருவாய் மட்டும் அத்துணைப் பெருஞ்செலவை ஈடுசெய்யப் போதியதாயில்லை. வாசன் வடக்கு நோக்கினார். அதே படத்தை இந்தியில் அமைத்தார். பண்டித இந்திரா முதலான வடநாட்டு எழுத்தாளரைக் கொண்டு உரையாடலும் பாடலும் ஆக்குவித்தார். நகைச்சுவைப் பகுதிகளை வடநாட்டு நடிகரைக் கொண்டு மாற்றியமைத்தார். அவ்வாண்டு டிசெம்பர் 24 இல் இந்திச் 'சந்திரலேகா' வெளிவந்தது. அறுநூறுக்கு மேற்பட்ட பிரதிகள் எடுக்கப்பட்டன என்பது அதற்கு முன் கேட்டறியாத செய்தி. நாளிதழ்களிலும் தெருச்சுவர்களிலும் விளம்பரம் மழையெனப் பொழிந்தது. விளம்பரத் தொழிலிற் கற்ற பாடம் இருபது ஆண்டுகள் கழித்துப் பலித்தது.

வட இந்தியர் அப்படத்தை ஏற்றமைக்கு விளம்பரம் ஒன்றே காரணமாகாது. அப்படத்தின் இறுதியில் வரும் முரசு நடனத்தை எண்ணிப் பார்க்க. பென்னம்பெரிய முரசங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின்மேல் நடன மாதர் ஆடுகின்றனர். ஆட்டம் முடியும் தறுவாயில் முரசங்களின் உள்ளிருந்து படைவீரர் வெளிப்பட்டுக் கோட்டையைத் தாக்குகின்றனர். இதனை விளங்கிக்கொள்ள இந்தியும் வேண்டா, தமிழும் வேண்டா, கண்ணிருந்தாற் போதும். திரையின் முதல்மொழி காட்சியே என்பதை வாசன் உணர்ந்திருந்தார். தம் தாய்மொழியல்லாத மொழியிலே படமெடுக்கத் துணிந்த ஒருவருக்கு அவ்வுணர்வே ஊன்றுகோலாயிற்று. அப்படத்தின் வெற்றிக்குப் பின்னரே சென்னைத் தயாரிப்பாளர் பலர் இந்தியிற் படமெடுக்கத் தலைப்பட்டனர். ஏவி. மெய்யப்பச் செட்டியாரின் 'பகார்' (1951) அவ்வழியிலே தோன்றியது. வைஜயந்திமாலா வடநாட்டில் முதலிற் புகழ் பெற்றதும் அப்படத்தாலேயே.

இந்திப் படங்களின் வரிசை

'சந்திரலேகா'வின் பின் வாசனுடைய நெறியாள்கை பெரிதும் இந்தியையே சார்ந்தது. 'நிஷான்' (1949) இரட்டையர் கதை. 'அபூர்வ சகோதரர்கள்' என்ற பெயரில் அது தமிழிலும் வந்தது. 'மிஸ்டர் சம்பத்' (1952) ஆர். கே. நாராயணின் நாவலைத் தழுவியது. சொற்றிறத்தால் உலகை ஏய்த்து வாழும் சம்பத்தாக மோதிலால் நடித்தார். பேரரண்மனையும் வாட்போரும் இன்றி வாசன் எடுத்த அப்படத்தை அவருடைய படங்களுள் நயமிக்கதெனப் போற்றுவோர் உளர். யானும் அவ்வாறே கருதுகின்றேன். 'பகுத் தின் ஹுவே' (1954) என்னும் மாயக்கதையில் மதுபாலா நடித்தார்.

1955 இல் 'இன்சானியத்' வெளிவந்தது. திலீப் குமார், தேவ் ஆனந்த் ஆகிய இரு பெருநடிகரும் சேர்ந்து நடித்த ஒரே படம் அதுவேயாம். பம்பாய்த் தயாரிப்பாளர் எவராலும் இயலாத அவ்விணைப்பைச் சென்னைத் தமிழர் ஒருவர் செய்து காட்டினார். தெலுங்குப் படமொன்றைத் தழுவிய கதை, சி. இராமச்சந்திராவின் இசை, திலீப் குமார் பெசாவரிற் பிறந்த பட்டாணியர், தேவ் ஆனந்த் பஞ்சாபியர், நெறியாளர் தமிழர். அப்படத்தை எம்மொழிக்கு உரியதென்பது?

'இராஜ் திலக்' (1958) நாமறிந்த 'வஞ்சிக்கோட்டை வாலிப'னின் இந்தி வடிவம். பத்மினியும் வைஜயந்திமாலாவும் எதிரெதிர் நின்றாடிய நடனப் போட்டி இரு வடிவிலும் இடம்பெற்றது. 'பைகாம்' (1959) ஆலைத் தொழிலாளருக்கும் முதலாளிக்குமிடையே எழும் பிணக்கை, உடன்பிறந்தார் இருவரின் வேறுபாட்டின் வாயிலாகக் காட்டியது. அடுத்த ஆண்டு அதுவே 'இரும்புத்திரை' என்ற பெயரில் சிவாஜி கணேசன் நடிக்கத் தமிழில் வந்தது. ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. 1948 இல் தமிழிற் பிறந்தது இந்திக்குச் சென்றது. 1959 இல் இந்தியிற் பிறந்தது தமிழுக்கு வந்தது. 'பைகா'முக்கு உரையாடல் எழுதிய இராமானந்த சாகர், பின்னாளில் தொலைக்காட்சியில் 'இராமாயண'த்தை அளித்துப் பெரும் புகழெய்தியவர். 'கரானா' (1961) கூட்டுக் குடும்பக் கதை. அதற்கு இசையமைத்த ரவி பிலிம்பேர் விருது பெற்றார். 'ஔரத்' (1967), 'தீன் பகுரானியான்' (1968) ஆகியவற்றில் மைந்தர் எஸ். எஸ். பாலனும் நெறியாள்கையிற் பங்கேற்றார். முன்னது 'சித்தி'யையும் பின்னது 'பாமா விஜய'த்தையும் தழுவியன.

இவ்வரிசையை நோக்குமிடத்து ஓருண்மை புலனாகும். வாசன் இந்தி மக்களுக்கு இந்திக் கதைகளைச் சொல்லப் புகுந்தாரல்லர். தமிழ், தெலுங்கு மக்கள் விரும்பிய கதைகளையே பெரிதும் கொண்டுசென்றார். மாமியார், மருமகள், உடன்பிறந்தார், கடன், மானம் ஆகியவை காவிரிக்கரையிலும் கங்கைக்கரையிலும் ஒன்றே என்பது அவர்தம் துணிபு. அத்துணிபு பெரிதும் பொய்க்கவில்லை.

கொழும்பு வானொலியும் இந்திப் பாடலும்

வாசனின் இந்திப் படங்கள் வளர்ந்த காலத்திலேதான் நம் கொழும்பு மாநகர் இந்திப் பாடல் வரலாற்றில் எதிர்பாராத இடமொன்றைப் பெற்றது. 1952 இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சராயிருந்த பி. வி. கேஸ்கர், திரைப்படப் பாடல்கள் மக்களின் இசைச்சுவையைக் கெடுக்கின்றன எனக் கருதி, அகில இந்திய வானொலியில் அவற்றிற்கு இடமளியாது ஒடுக்கினார். இலங்கை வானொலியிடமோ, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேசப் படையினரின் பொருட்டு நிறுவிய ஆற்றல்மிக்க சிற்றலை ஒலிபரப்பி இருந்தது. அவ்வாண்டு டிசெம்பர் முதல் 'பினாக்கா கீத்மாலா' என்னும் இந்திப் பாடல் நிகழ்ச்சி அதிலே ஒலிக்கலாயிற்று. அமீன் சயானி பம்பாயிலே பதிவு செய்ய, ஒலிநாடா கொழும்பிற்கு வந்து, இங்கிருந்து இந்தியா முழுவதும் பரந்தது. தில்லியில் அடைத்த வாயில் கொழும்பில் திறந்தது எனலாம். ஜெமினிப் படங்களின் பாடல்களும் அவ்வாயில் வழியே சென்றவற்றுள் அடங்கும். 1957 இல் இந்திய அரசே 'விவித பாரதி' என்னும் சேவையைத் தொடங்கி மக்கள் விருப்பத்திற்கு இணங்கவேண்டியதாயிற்று.

செட்டியார் தெருக் கடையொன்றிலே கணக்கெழுதிக் கொட்டாஞ்சேனையில் வாழ்ந்த என் பெரிய தந்தையார் அந்நிகழ்ச்சியைத் தவறாது கேட்டவர். இந்தி எழுத்து ஒன்றேனும் அவர் அறியார். கேட்ட பாடல்களைத் தமிழெழுத்தில் எழுதி வைத்த பழைய குறிப்பேடொன்று அவரிடம் இருந்தது. வர்க்க எழுத்துகளின் வேறுபாட்டைக் காட்டத் தாமே சிறு புள்ளிகளை இட்டிருந்தார். பொருள் கேட்டால், காதற் பாட்டு அல்லது அழுகைப் பாட்டு என்பதற்குமேல் அவருக்குச் சொல்லத் தெரியாது. ஆயினும் அவர் பாடும்போது அயல்வீட்டுச் சிங்களவரும் மலாயரும் திண்ணையில் வந்தமர்வர் என வீட்டார் சொல்லக் கேட்டிருக்கின்றேன். யாருடைய தாய்மொழியுமல்லாத மொழியில் அவர்கள் அனைவரும் ஒருங்கிருந்தனர்.

சட்டமும் விருப்பமும்

இனி, முற்கூறிய வினாவிற்கு வருவோம். வாசன் வாழ்ந்த தமிழ்நாட்டிலே இந்தி பெரும் பூசலுக்குரிய பொருளாயிருந்தது. 1938 இல் பாடசாலைகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது தமிழர் கிளர்ந்தெழுந்தனர். 1965 சனவரி 26 இல் இந்தி மட்டுமே ஆட்சிமொழியாகும் நிலை நெருங்கியபோது மாணவர் தெருவிலிறங்கினர். பலர் உயிர் துறந்தனர். அதே தமிழ்நாட்டிலே, அதே காலத்திலே, ஒரு தமிழர் எவருடைய வற்புறுத்தலுமின்றி இந்தியிற் படமெடுத்துக்கொண்டிருந்தார். இந்திப் பாடல்களைத் தமிழிளைஞர் விரும்பிக் கேட்டனர். இவை ஒன்றுக்கொன்று முரணா? அன்று. திணிக்கப்படும் மொழியை எதிர்த்தவரும் விரும்பிய பாடலைப் பாடியவரும் பலவிடத்து ஒருவரே. அவர் வெறுத்தது மொழியை அன்று; தம்மைக் கேளாது தம்மேற் சுமத்தும் ஆணையையே.

நம் நாட்டிற்கும் இது பொருந்தும். 1956 ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்தின் விளைவுகளை இங்கு விரித்தல் வேண்டா. நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் அதனை அறியும். வெள்ளவத்தையிலே யான் கற்பிக்கும் மாணவருட் சிலர் இரண்டாம் மொழிப் பாடமென்றதும் முகஞ்சுளிப்பர். இடைவேளையிலே அவர்களே சிங்களப் பாடலொன்றை முணுமுணுக்கக் கேட்டிருக்கின்றேன். ஒருநாள் அதனைச் சுட்டிக்காட்டியபோது, 'பாட்டு வேறு, பாடம் வேறு, ஐயா' என்று ஒருவன் விடை பகர்ந்தான். அவ்விடை என்னை நெடுநாள் சிந்திக்கச் செய்தது. இக்கட்டுரைக்கு வித்தும் அதுவே.

அவன் கூற்றில் உண்மையுண்டு. இரசனை வேறு, கல்வி வேறு; இரசனையும் உரிமையும் வேறு. என் பெரிய தந்தையார் இந்தி அறியாமலே இறந்தார். பாடலை விரும்பிய சிங்களவர் தமிழர்க்கு மொழியுரிமை தரவேண்டுமென்று அதனால் வாக்களித்தாருமிலர். ஜோதிபால முதலானோர் இந்தி மெட்டுகளைச் சிங்களத்திற் பாடிப் புகழ்பெற்ற காலமே இனப்பூசல் முற்றிய காலமுமாம். ஆகவே கலை ஒன்றே மக்களை ஒன்றாக்கிவிடும் எனக் கூறுதல் பேதைமை. தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டுமென்பதை 1987 இல் அரசியலமைப்புத் திருத்தமே உறுதிசெய்தது. பாடல் எதுவும் அதனைச் செய்யவில்லை. உரிமையைச் சட்டமே காக்கும். ஆனால் விருப்பத்தைச் சட்டம் பிறப்பிக்கவியலாது. வாசனின் வாழ்வு உணர்த்தும் பாடம் இவ்விரண்டாம் பகுதியே. பிறமொழியாளரின் வாயிலில் நின்று, அவர் விரும்புவதொன்றைக் கையிலேந்தி அழைத்தவர்க்குக் கதவு திறந்தது.

கலைஞரா, வணிகரா?

வாசன் ஏந்திச் சென்றது கலைப்பொருளோ வணிகப்பொருளோ என்று கேட்பாருமுண்டு. 'இன்சானியத்' வெளிவந்த 1955 ஆம் ஆண்டிலேயே வங்காளத்தில் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' தோன்றியது. அடுத்த ஆண்டு நம் நாட்டில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ'வை அளித்தார். சிறு செலவில், உண்மை வாழ்வைக் காட்டிய அப்படங்களின் முன் வாசனின் படங்கள் ஆரவாரம் மிக்கனவாயும் ஆழங் குறைந்தனவாயும் தோன்றுதல் இயல்பே. 1952 முதல் பதினான்கு ஆண்டுகள் ஜெமினியிற் பணிபுரிந்த எழுத்தாளர் அசோகமித்திரன், அந்நிலையத்தையும் அதன் அதிபரையும் பற்றி எழுதியுள்ள நினைவுக் குறிப்புகள், அங்கு நிலவிய பகட்டையும் அச்சத்தையும் மெல்லிய நகையோடு காட்டுகின்றன. வாசனின் பெருமையும் அவற்றில் மறைக்கப்படவில்லை.

வாசன் தம்மை வணிகரென்று கூற நாணியவரல்லர். மக்கள் கொடுக்கும் காசுக்கு நிறைவான காட்சி தருதல் வேண்டும் என்பதே அவர் கொள்கை. ஆயின் வணிகர்க்கும் அறமுண்டு. தம் நிலையத்திலே நூற்றுக்கணக்கானோர்க்கு மாதந்தவறாது சம்பளமளித்ததும், முப்பது இலட்சத்தை ஒரே படத்தில் இடத் துணிந்ததும், தமிழ் நெறியாளரும் அனைத்திந்திய மக்களுக்குப் படம் தரலாம் என நிறுவியதும் எளிய செயல்களல்ல. வாசனுக்குப் பின் பல தென்னாட்டு நெறியாளர் இந்தியிற் படமெடுத்தனர். மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்த பாலு மகேந்திரா தம் 'மூன்றாம் பிறை'யை 1983 இல் 'சத்மா' என்று இந்தியில் அளித்தார். ஆரவாரமற்ற அக்கலைஞரின் வழி வேறு. ஆயினும் அவர் நடந்த பாதையின் முதற் கற்களைப் பதித்தோருள் வாசனும் ஒருவர்.

மறுபுறத்தில், தம் நெறியாள்கைத் திறனின் பெரும்பகுதியை இந்திக்குச் செலவிட்டமையால் தமிழ் ஒன்றும் இழக்கவில்லையா என்ற வினாவும் எழும். 'மிஸ்டர் சம்பத்' போன்ற நயமிக்க படமொன்றை அவர் தமிழிலே தாமே நெறிப்படுத்தித் தந்தாரல்லர். 'ஒளவையார்' (1953) கொத்தமங்கலம் சுப்புவின் கைவண்ணம். இது தமிழர்க்கு இழப்பே. பெருஞ்செலவிற் படமெடுப்போர் பெருஞ்சந்தையை நாடுவர். சிறுமொழிகளின் கலை அதனால் மெலிவுறும் என்னும் எச்சரிக்கையும் வாசனின் வரலாற்றிலே அடங்கியுள்ளது.

இறுதிக் காலம்

அறுபதுகளில் நிலைமை மாறியது. நடிகரின் ஊதியம் பன்மடங்கு உயர்ந்தது. வண்ணப்படத்தின் செலவு மிகுந்தது. மாதச் சம்பளத்தில் எல்லாரையும் வைத்து நடத்தும் ஸ்டூடியோ முறை சென்னையிலும் பம்பாயிலும் தளர்ந்தது. வாசன் இந்தியத் திரைப்படச் சம்மேளனத்தின் தலைவராகவும் இராச்சிய சபை உறுப்பினராகவும் விளங்கினார். 1969 இல் பத்மபூஷண் விருது அவருக்கு அளிக்கப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் 26 இல் அவர் காலமானார். அவருக்குப் பின் ஜெமினி ஸ்டூடியோவும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 2004 இல் அவர்தம் நூற்றாண்டையொட்டி இந்திய அஞ்சற்றுறை முத்திரை வெளியிட்டது.

1973 இல் அந்நிலையத்தின் அருகே எழுந்த மேம்பாலத்திற்கு அரசு அண்ணாவின் பெயரைச் சூட்டியது. மக்களோ அதனை இன்றும் ஜெமினி மேம்பாலம் என்றே வழங்குகின்றனர். ஆணையால் இட்ட பெயர் பலகையிலும், விருப்பத்தால் வந்த பெயர் நாவிலும் வாழ்கின்றன. ஈண்டும் நாம் கண்ட உண்மையே மீண்டும் தோன்றுகின்றது.

மாணவர்க்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கின்றேன். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய படமாளிகைகளிற் பல மூடப்பட்டுவிட்டன. அவற்றின் முன் வரிசையில் நின்றவர்களுள் முதியோர் சிலர் இன்னும் நம்மிடையே உளர். எப்படத்தை, எம்மொழியில், யாருடன் சென்று கண்டனர் என்று அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். என் பெரிய தந்தையாரின் குறிப்பேடு எவ்வாறோ தொலைந்துபோயிற்று. அதனை நகலெடுத்து வைக்க வேண்டுமென்று அவர் வாழுங்காலத்தில் எனக்குத் தோன்றவில்லை. வரலாறு கற்பிக்கும் ஆசிரியன் செய்த அப்பிழையை வரலாறு கற்கும் நீங்கள் செய்யாதிருப்பீர்களாக.